ஜென்னிங்ஸும் சராசரிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வினாடி வினா பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்கக் கல்லூரிகளின் குவிஸ் போல் போட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஜெப்பர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவில் தொடர்ந்து 74 ஆட்டம் வென்ற கென் ஜென்னிங்ஸைவிடப் பெரிய ஆள் உண்டா? அவரை விடுங்கள், ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தார் என்ற சராசரிதான் இருக்கிறதே. அதை வரிசைப்படுத்தினால் விவாதம் முடிந்ததுதானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஜென்னிங்ஸ் குவிஸ் போலுக்கு அந்நியர் அல்ல. பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியில் ஆடியவர், அந்தப் போட்டிகளுக்குக் கேள்வியும் எழுதியவர். ஆனால் 2004இன் அந்த 74 வெற்றிகள் வேறொரு விளையாட்டில் வந்தவை. ஜெப்பர்டியில் கேள்வியை வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸர், அதாவது பதில் சொல்ல முந்தி அழுத்தும் பொத்தான், வேலை செய்யாது. முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். ஆடுகிற மூன்று பேருக்கும் பதில் தெரியும் என்றால் விரல்தான் ஜெயிக்கும். 2011இல் ஐபிஎம்மின் வாட்சன் கணினி அவரையும் இன்னொரு ஜெப்பர்டி சாம்பியனான பிராட் ரட்டரையும் வீழ்த்தியதில் அதன் பஸ்ஸர் வேகத்துக்கும் நல்ல பங்கு உண்டு.

குவிஸ் போலில் கேள்வியின் நடுவிலேயே அழுத்தலாம். கேள்வியும் அதற்கேற்பத்தான் எழுதப்படுகிறது: கடினமான குறிப்பு முதலில், எல்லோருக்கும் தெரிந்தது கடைசியில். ராமானுஜன்தான் பதில் என்று வைத்துக்கொள்வோம். டௌ சார்பு பற்றிய அவருடைய ஊகத்தைப் பியர் டெலின் நிரூபித்தது முதல் வரியில் வரும். கேம்பிரிட்ஜ் நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த நோட்டு' நடுவில் வரும். 1729 என்ற டாக்ஸி எண் கடைசியில். மூன்று இடத்திலும் பதில் ஒன்றுதான், அழுத்தியவர்களின் தரம் ஒன்றல்ல. குவிஸ் போல் போட்டிகளுக்குக் கேள்வி தயாரிக்கும் அமைப்பான என்ஏக்யூடி நடத்தும் போட்டிகளில் முன்பகுதியில் சொன்னால் 15 புள்ளி, பிறகு சொன்னால் 10. அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால் 5 போய்விடும், எதிரணி மீதிக் கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்லும்.

சராசரியை நான் பெரிதாக நம்பாததற்கு முதல் காரணம் இதுதான். டாக்ஸி எண்ணில் அழுத்திச் சேர்த்த பத்தும், நோட்டில் அழுத்திச் சேர்த்த பத்தும் அதில் ஒரே பத்து. அப்புறம் அணித்தோழர்கள் விஷயம். ஓர் அணியில் நால்வர் ஆடுகிறார்கள். நால்வரும் கெட்டி என்றால் ஒருவர் எடுக்க வேண்டியதை இன்னொருவர் முந்தி எடுத்துவிடுவார், எல்லோருடைய சராசரியும் இறங்கும். சுமாரான அணியில் தனியாகச் சுமப்பவருக்கு எண் ஏறும். கெட்டிக்காரர்கள் நிறைந்த சிகாகோ பல்கலைக்கழக அணியின் மூன்றாம் ஆள், வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தால் அங்கே நட்சத்திரம். உங்கள் வரிசையில் அவர் எங்கோ கீழே கிடப்பார்.

என்னைக் கேட்டால் இரண்டைத்தான் பார்ப்பேன். தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றுகளில், வலுவான எதிரணிக்கு முன்னால், எந்த வரியில் அழுத்தினார்? இலக்கியம், அறிவியல் இரண்டிலும் அப்படி அழுத்தினாரா? இரண்டாவதில் தேறுகிறவர்கள் மிகக் குறைவு.

முதல் வரிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் 2013இல் நடந்தது அத்தனை பெரிய விவகாரமாயிற்று. என்ஏக்யூடி ஹார்வர்டிடமிருந்து நான்கு பட்டங்களைத் திரும்பப் பெற்றது. அந்த அணியில் ஆடிய ஒருவர் அதே அமைப்புக்குக் கேள்வியும் எழுதிவந்தார். வரவிருந்த கேள்விகளின் தொடக்க எழுத்துகள் தெரியும் பக்கங்களை அவர் திறந்திருந்தது சர்வர் பதிவில் தெரிந்தது. அதை ஆட்டத்தில் பயன்படுத்தினார் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் பட்டத்தை எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். தொடக்கத்தில் யார் அழுத்துகிறார் என்பதுதான் ஆட்டமே என்றால், தொடக்கம் கண்ணில் பட்டவரின் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

இப்போது சில போட்டிகளில் எந்தச் சொல்லில் அழுத்தினார்கள் என்பதையும் பதிந்து வெளியிடுகிறார்கள். வரிசை போடுவதென்றால் சராசரியை மூடிவைத்துவிட்டு அந்தக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். தொண்ணூறுகளில் ஆடியவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர்களை எதிர்த்து ஆடித் தோற்றவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.