திறமைப் புலமைப்பரிசிலுக்கு ஃபாஃப்சா வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அமெரிக்காவின் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் திறமைக்குத் தரும் புலமைப்பரிசிலுக்கு வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக ஃபாஃப்சா கேட்பதில்லை. அது அந்நாட்டு மத்திய அரசின் உதவிக்கான படிவம்.

நீங்கள் பல்கலைக்கழக இணையதளத்தின் நிதியுதவிப் பக்கத்திலேயே தேடுகிறீர்கள் போல. அதனால்தான் திருகோணமலையில் இருக்கும் உங்களுக்கு வழியே இல்லை என்று தோன்றுகிறது. அனுமதிப் பிரிவில் ‘சர்வதேச முதலாண்டு மாணவர்’ பக்கத்தைத் திறந்து, புலமைப்பரிசிலுக்குக் கருதப்பட விண்ணப்பிக்க வேண்டிய ‘முன்னுரிமைக் கடைசித் திகதி’யை முதலில் பாருங்கள். பல இடங்களில் அது சேர்க்கையின் கடைசித் திகதிக்கு முன்பே முடிந்துவிடும். உயர்தரப் பெறுபேறு வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். சாதாரண தரச் சான்றிதழும் பாடசாலைத் தவணைப் புள்ளிகளும் இப்போதைக்குப் போதுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

அப்புறம், பரிசில் தொகையை வெளிமாநிலக் கட்டணத்தில், அதாவது அந்த மாநிலத்தவர் அல்லாதவர் கட்டும் கட்டணத்தில், கழித்துப் பாருங்கள். விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி வேறு. முதலாண்டுச் செலவுக்குப் பணம் காட்டினால்தான் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தருவார்கள்.