கொத்தமல்லியின் கொம்பு

வணக்கம் ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சொந்தப் பெயரில் மிளகாய்த்தூளும் கொத்தமல்லித்தூளும் பைக்கற்றில் போடப்போகிறேன். லேபல் வேலையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்து மூன்று மாதம். ஏழு டிசைன் வந்துவிட்டது. மனைவிக்குப் பிடித்தால் மச்சானுக்குப் பிடிக்கவில்லை. படங்களை இணைத்துள்ளேன். நிறுவனத்தை மாற்றிவிடவா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாற்றினாலும் எட்டாவதும் பிடிக்காது. கடைசிச் சொல் யாருடையது என்பதை முதலில் வீட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாருடைய குறையும் ஒரே தாளில், ஒருவர் கையால் போகட்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அல்ல. ‘லோகோவைப் பெரிசாக்குங்கோ’ என்பது மருந்து. ‘மேல்தட்டில் வைத்தால் பெயர் தெரியவில்லை’ என்பது நோவு. நோவைச் சொல்லுங்கள். முற்பணம், எத்தனை தடவை திருத்தம் என்பதெல்லாம் விலைமனுவில் இருக்கும், வாசித்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஏழு படத்திலும் கொத்தமல்லியின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் நிற்கிறது. விலாசத்தில் வெள்ளவத்தைக்கும் அதே கதி. நிறத்தைப் பற்றி ஏழு தடவை சண்டை பிடித்த குடும்பத்தில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அரசாங்கப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் படமெடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம். சொந்தப் பைக்கற்றில்?

டிசைனர் பிள்ளைக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம், அது குற்றமில்லை. டிசைன் செய்யும் இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான தெரிவை இயக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் திறக்கும். ஆகவே சொற்களை யூனிகோடில் அடித்து, அவை எப்படித் தெரியவேண்டும் என்பதைப் பீடிஎஃப் ஆகவும் கூடவே கொடுங்கள். எப்போது? முதல் நாள். டிசைன் முடிந்தபின் அல்ல. சிங்களத்தில் ‘மிரிஸ் குடு’ இரண்டு குட்டிச் சொல். ‘மிளகாய்த்தூள்’ நீட்டுக்கு ஒரே சொல். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் அதைக் கடைசியில் திணித்தால் எறும்பெழுத்தாகும். (ஒரு ‘த்’ஐ வெட்டி இடம் பிடிக்கிறவர்களும் உண்டு. விடாதீர்கள்.) மூன்று மொழியும் முதல் வரைவிலேயே இருக்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது எழுத்துகளை அவுட்லைனாக மாற்றுவார்கள். அதற்குப் பிறகு அது எழுத்தல்ல, வெறும் கோடு. பிழை கண்டாலும் தட்டித் திருத்த முடியாது. அதற்கு முன்பே உண்மை அளவில் ஒரு பிரதி எடுத்து, கொடுத்த தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்புப் பாருங்கள். மிளகாயின் சிவப்பையும் அந்தத் தாளிலேயே பாருங்கள். போனில் மின்னுகிற சிவப்பு மையில் வராது.

ஒப்புப் பார்க்கிற வேலையை மச்சானிடம் கொடுங்கள். நிறத்தைப் பற்றி அவரிடம் கேட்கவேண்டாம்.