கிழித்த நான்கு பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். கோடை விடுமுறையில் நடக்கும் ஆறு வாரக் கணித முகாம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். விண்ணப்பத்தோடு ஏழு கணக்குகள் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாக உட்கார்ந்தும் மூன்றுதான் முழுதாக முடிந்தன. ஐந்தாம் கணக்கில் நான் உண்மை என்று நம்பியிருந்த ஒன்று நேற்றுப் பொய்யாகிவிட்டது. எழுதிய நான்கு பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒலிம்பியாட்டில் நான் எந்தப் பரிசும் வாங்கியதில்லை. தோழிகள், "ஏஐயிடம் கேட்டு எழுதிவிடு, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்கிறார்கள். ஐந்தாம் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு சின்னக் குறிப்பு மட்டும் தர முடியுமா? கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மூன்று கணக்கை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது வீண் வேலையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அனுப்பிய கணக்கை இங்கே வெளியிடவில்லை. நானும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. விண்ணப்பக் காலம் முடியும்வரை அது உங்களுடைய கணக்கு. அதில் நான் ஒரு வரி சொன்னாலும், உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டவனாவேன். ஆகவே குறிப்பு இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பியுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வருத்தமெல்லாம் அந்த நான்கு பக்கங்களைப் பற்றித்தான். உங்கள் விண்ணப்பத்திலேயே சிறந்த பகுதி அதுவாக இருந்திருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1957இல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கோடை முகாமைத் தொடங்கினார். 1964இல் அது அவரோடு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பதுதான் அந்த முகாமின் தாரக மந்திரம். அங்கே பயின்றவர்கள் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ப்ராமிஸ் என்ற முகாம். இந்த இரண்டு இடங்களிலும் வழிவழியாக வரும் ஒருவகைக் கணக்கு உண்டு. ஒரு கூற்றைத் தருவார்கள். அதை நிரூபிக்க வேண்டும், அல்லது தவறென்று காட்ட வேண்டும். தவறென்றால், அதில் எவ்வளவைக் காப்பாற்ற முடியுமோ அவ்வளவைக் காப்பாற்ற வேண்டும். இந்த மூன்றாவது பகுதியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். பள்ளித் தேர்வில் தவறு என்றால் ஒரு சிவப்புக் கோடு, அத்தோடு முடிந்தது. இங்கே வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பழைய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த மிகை முழு எண்கள் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ கூட்டி எந்தெந்த எண்களைப் பெறலாம்? 9 என்பது 4+5. 15 என்பது 7+8. 4+5+6 என்றும் எழுதலாம். 1-ஐத் தவிர ஒற்றை எண்களெல்லாம் சுலபமாக வந்துவிடுகின்றன. 2 வரவில்லை, 4 வரவில்லை. உடனே ஒரு மாணவி, "இரட்டை எண்கள் வரவே வராது" என்று எழுதி நிரூபிக்கப் புறப்படுகிறாள். நான்கு பக்கம் போகிறது. பிறகு 1+2+3 என்பது 6 என்று கண்ணில் படுகிறது. எல்லாம் போயிற்று!

எதுவும் போகவில்லை. அவள் தாளைக் கிழிக்காமல் பட்டியலை நீட்டுகிறாள். 6 வருகிறது, 10, 12, 14 வருகின்றன. வராதவை 1, 2, 4, 8, 16. இப்போது அனுமானம் மாறுகிறது: இரண்டின் அடுக்குகள் மட்டும் வராது. ஏன்? n எண்களைக் கூட்டினால், கூட்டுத்தொகையின் இருமடங்கு n × (முதல் எண் + கடைசி எண்). இந்த இரண்டு காரணிகளில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டுமே 1-ஐ விடப் பெரியவை. இரண்டின் அடுக்குக்கு அப்படியோர் ஒற்றைக் காரணி கிடையாது. பாதி வேலை முடிந்தது.

மறுபாதிக்கு, அதாவது மற்ற எல்லா எண்களும் வரும் என்பதற்கு, அவளிடம் முழு நிரூபணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவள் இப்படி எழுதலாம்: "6 முதலான 3-இன் மடங்குகளுக்கு (k−1)+k+(k+1) போதும். அதே வழியில் 14-க்கு 2-ஐ நடுவில் வைத்து ஏழு எண்களை எடுத்தால் −1, 0, 1, 2, 3, 4, 5 வருகின்றன. கூட்டல் சரி, ஆனால் எல்லாம் மிகை எண்கள் அல்ல. இந்த இடத்தில் நிற்கிறேன்." படிப்பவருக்கு இது போதும். முதலில் எதை நம்பினாள், எது அதை உடைத்தது, எதை மீட்டாள், எங்கே நிற்கிறாள் என்று எல்லாம் தெரிகிறது. சரியான விடையை மட்டும் நான்கு வரியில் எழுதியவரைவிட இவளைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியும். (−1, 0, 1 மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அவள் எவ்வளவு அருகில் நிற்கிறாள்!)

ஆகவே கிழித்த பக்கங்களை நினைவிலிருந்து திரும்ப எழுதுங்கள். நான்கு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். பொய்யாக்கிய எடுத்துக்காட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். எது நிரூபித்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டுங்கள். ஊகத்தை நிரூபணம் போல ஒப்பனை செய்து அனுப்புவதுதான் உண்மையான குறை. நீண்ட காலம் மாணவர்களின் தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும்.

ஏஐ விஷயம். உங்கள் முகாமின் விதிகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். 1993 முதல் நடக்கும் மேத்கேம்ப் என்ற கோடைக் கணித முகாமின் தகுதிக் கணக்குகளில், புத்தகத்தில் வரையறைகளையும் அறிந்த தேற்றங்களையும் தேடலாம், எதைப் பார்த்தீர்கள் என்று குறிப்பிட வேண்டும். கணக்கைத் தீர்க்க யாருடைய உதவியையும் நாடக் கூடாது. விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆறு வாரமும் இதே போன்ற கணக்குகளோடுதான் உட்காரப்போகிறீர்கள். இன்னொருவரின் விடையால் உள்ளே போனவர் அங்கே தினமும் காலையில் எதை எடுத்துக்கொண்டு உட்காருவார்? தோழிகள் செய்வதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஒலிம்பியாட் பரிசு இல்லாதது தடையல்ல. அங்கே சில மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இங்கே வாரக்கணக்கில் ஒரே கணக்கோடு இருக்கத் தெரிய வேண்டும். பத்து நாள் இருந்திருக்கிறீர்களே.

முகாம் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால், நீங்கள் யோசிப்பதைப் பார்த்த ஆசிரியரை அணுகுங்கள், பெரிய பதவியில் இருப்பவரை அல்ல. இந்த வாரமே கேளுங்கள், உங்கள் நோட்டையும் அவரிடம் கொடுங்கள். செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். நான் பெயர் சொன்ன மூன்று முகாம்களிலும் குடும்ப நிலை பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். உங்கள் முகாமிலும் உண்டா என்று பாருங்கள்.

கடைசி நாள் கடந்த பிறகு எனக்கு எழுதுங்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் எழுதுங்கள். ஐந்தாம் கணக்கில் எதை மீட்டீர்கள் என்று அப்போது உட்கார்ந்து முழுதாகப் படிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்