சளி மாத்திரையோடு பாராசிட்டமாலும் சேர்த்துப் போடலாமா?

கேள்வி: இரண்டு நாட்களாகச் சளி, காய்ச்சல், உடம்பு வலி. மருந்துக் கடையில் வாங்கிய சளி மாத்திரையை ஒரு நாளைக்கு நான்கு முறை போடுகிறேன். வலி அடங்காததால், ஒவ்வொரு முறையும் 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை இரண்டும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. பக்க விளைவு வருமா? பாராசிட்டமாலுக்குப் பதில் இபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: உங்கள் சளி மாத்திரை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். பல சளி மாத்திரைகளில் பாராசிட்டமால், தும்மலையும் மூக்கொழுகலையும் குறைக்கும் குளோர்ஃபெனிரமின், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்கும். உங்களுடையதிலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருந்தால், வேளைக்கு 1,500 மி.கி. என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 6 கிராம் உள்ளே போகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. உடல் எடை குறைந்தவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

அளவோடு எடுத்தால் பாராசிட்டமாலைப் போலப் பாதுகாப்பான வலி நிவாரணி குறைவு. அதன் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறினாலும், அங்குள்ள குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை உடனே முறித்துவிடுகிறது. அளவு மீறும்போது குளுட்டாதயோன் தீர்ந்துபோய், எஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறி தெரியாமலே போகலாம், அந்தக் குமட்டலையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுவோம் என்பதுதான் இதில் எனக்குக் கவலை தருவது. மஞ்சள் காமாலை தென்படுவதற்குள் இரண்டு மூன்று நாட்கள் கடந்திருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் அது சீக்கிரம் கொடுக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஆகவே, உங்கள் கணக்கு 4 கிராமைத் தாண்டியிருந்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இபுப்ரோஃபெனுக்கு மாறுவது உங்களுக்கு உகந்ததன்று. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற உடலின் வேதிப்பொருட்களை அது தடுக்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். அதனால் நெஞ்செரிச்சல் முதல் இரைப்பைப் புண், ரத்தக்கசிவு வரை ஏற்படலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் தாமதிக்கக் கூடாது. மேலும் இபுப்ரோஃபென் உப்பையும் நீரையும் உடலில் தங்கவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு, நீர் பிரியச் செய்யும் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர், காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காத நிலையில் இபுப்ரோஃபெனையும் போட்டால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். டெங்குக் காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தாலும் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடவே கூடாது.

மூக்கடைப்பைப் போக்கச் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் ஆகியவை ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. கொதிப்பு உள்ளவருக்கு அழுத்தமும் படபடப்பும் கூடலாம். இதில் ஒரு வேடிக்கை: மாத்திரையாக விழுங்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. பலன் இல்லாத ஒன்றுக்காகக் கொதிப்பை ஏற்றிக்கொள்வானேன்?

குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவழைக்கும், எனவே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது; புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

என்னைக் கேட்டால், கூட்டு மாத்திரையை விட்டுவிடுங்கள். கல்லீரலுக்குப் பாதிப்பில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, வலிக்கும் காய்ச்சலுக்கும் தனிப் பாராசிட்டமாலை மட்டும், இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விட்டு, 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேற்படாமல் எடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். மூன்று நாட்களுக்கு மேலும் காய்ச்சல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.