தேனீ இல்லன்னா காய் பிடிக்காதா? மாடில பூசணிப் பிஞ்சு வெம்பி விழுதே, ஏன்?

பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்காததுதாங்க காரணம். பூசணில ஆண் பூ தனி, பெண் பூ தனி, பெண் பூவுக்கு அடியில கோலிக்குண்டு சைஸ்ல ஒரு பிஞ்சு இருக்கும், அத வச்சே கண்டுபிடிச்சிடலாம். ஆண் பூவுல இருக்கற மகரந்தம் பிசுபிசுன்னு வெயிட்டா இருக்கும், காத்துல பறக்காது, தேனீயோ வேற பூச்சியோ உடம்புல ஒட்டிக்கிட்டுப் போய் பெண் பூவுல சேர்த்தாதான் உண்டு, அதுவும் பூ விடியக்காலைல விரிஞ்சு மதியத்துக்குள்ள வாடிடும், அதுக்குள்ள பூச்சி வரலன்னா பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடும். அரைகுறையா சேர்ந்தா காய் கோணலா வரும், வெள்ளரில இத நல்லா பாக்கலாம்.

தேனீ அழிஞ்சா சோறே கிடைக்காதுன்னு சொல்றாங்களே, அது அப்படியே உண்மை இல்ல. நெல் தானே சேர்ந்துக்கும், மக்காச்சோளத்துக்குக் காத்து போதும். ஆனா பூசணி, பாகல், பீர்க்கு, தர்பூசணி, சூரியகாந்தி, ஏலக்காய் இதெல்லாம் பூச்சிய நம்பித்தான் இருக்கு, யோசிச்சுப் பாருங்க, தட்டுல சோறு இருக்கும், பக்கத்துல கூட்டு இருக்காது!

இப்போதைக்கு காலைல 9 மணிக்குள்ள ஆண் பூவப் பறிச்சு இதழ உரிச்சுட்டு, நடுவுல இருக்கற மகரந்தத்த பெண் பூவோட நடுப்பகுதில மெதுவா தடவுங்க. பக்கத்துல துளசி, சாமந்தி வைங்க, தேனீ தானா வரும். பூ விரிஞ்சிருக்கற நேரத்துல மட்டும் எந்த மருந்தும் அடிச்சிடாதீங்க, வேப்பெண்ணெயா இருந்தாலும் பொழுது சாஞ்சப்புறம் அடிங்க.