பதில்: அக்னி-5 இருக்கும்போது அக்னி-4 எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?

தம்பி, மாக் இன்டர்வியூல (மாதிரி நேர்காணல்ல) நம்ம நாட்டு அணு ஏவுகணை அக்னி-5 இன்னும் தூரம் போறப்போ அக்னி-4 எதுக்குங்கிற கேள்விக்கு முழிச்சேன்னு போட்டிருந்தீங்க, நானும் கடலூர்தான். மஞ்சக்குப்பத்துல இருந்து ஓ.டி.க்கு (கடலூர் ஓல்ட் டவுனுக்கு) போறவன் சென்னை பஸ்ல ஏற மாட்டான், அதே மாதிரி கிட்ட இருக்கிற இலக்குக்கு ரொம்ப தூரம் போற ஏவுகணை தேவையில்ல, ஆனா அதை மட்டும் சொன்னா மார்க் விழாது.

3000ல இருந்து 5500 கிமீ வரைக்கும் போறதைத்தான் இடைத்தூர ஏவுகணைன்னு சொல்றாங்க, அக்னி-4 சுமார் 4000. இங்க முக்கியம் தூரம் இல்ல, ஒளிஞ்சிக்கிற இடம். நாம 2003லயே முதல்ல அணு ஆயுதம் போட மாட்டோம்னு கொள்கை அறிவிச்சிட்டோம், அப்போ எதிரி முதல்ல அடிச்சாலும் நம்மகிட்ட மிச்சம் இருக்கணும்ல, ரேஞ்ச் கூடக்கூட லாஞ்சரை (ஏவுற வண்டியை) பார்டர்ல நிறுத்தாம நாட்டுக்கு உள்ள எங்க வேணா நகர்த்தி வெச்சிக்கலாம், அவனுக்கு தேடுறதே பெரிய தலைவலி.

அடுத்து, இதே இடைத்தூர ஏவுகணையால பனிப்போர் காலத்துல வந்த சிக்கலுக்கு ஐரோப்பாவை இழுப்பாங்க பாருங்க. சோவியத்தோட எஸ்எஸ்-20 ஏவுகணை லண்டன், பாரிஸ் வரைக்கும் வரும், வாஷிங்டனுக்கு வராது. நமக்காக அமெரிக்காக்காரன் தன் ஊரை பணயம் வைப்பானான்னு ஐரோப்பாக்காரங்களுக்கு டவுட் வந்துச்சு. 1983ல அமெரிக்காவோட பெர்ஷிங்-2 ஏவுகணை மேற்கு ஜெர்மனிக்கு வந்ததும், அடி விழ சில நிமிஷம்தான்னு மாஸ்கோவுக்கும் பயம். யோசிக்கவே டைம் இல்லாத ஆயுதம் ரெண்டு பக்கமும் ஆபத்துன்னுதான் 1987ல அமெரிக்காவும் சோவியத்தும் ஐஎன்எஃப் ஒப்பந்தம் போட்டாங்க, அவங்க ரெண்டு பேருக்கும் 500ல இருந்து 5500 கிமீ வரைக்கும் போற, தரையில இருந்து ஏவுற ஏவுகணை மொத்தமும் தடை. 2019ல அமெரிக்கா வெளிய வந்துடுச்சு. சீனா அதுல கையெழுத்தே போடல, அவங்க டிஎஃப்-26 ஏவுகணை அமெரிக்காவோட குவாம் தீவு வரைக்கும் எட்டும், இதையும் சேத்து சொல்லுங்க.