பழகின நாய்க்குட்டி திரும்பவும் வீட்டுக்குள் சலம் விடத் தொடங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நாலு மாதப் பெண் குட்டி, ஒரு மாதமாக வளவுக்குப் போய்த்தான் சலம் விட்டது. பத்து நாளாக விறாந்தையிலும் பாயிலும் விடுகிறது. பின் வளவுப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்கிறது, கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கிறது, பிள்ளைகளின் கையைக் கடிக்கிறது. வேண்டுமென்று செய்கிறதா, மூக்கைப் பிடித்துத் தேய்த்தால் சரிவருமா என்பது உங்கள் கேள்வி.

தேய்க்க வேண்டாம். குட்டிக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. பழகின குட்டி திடீரென்று பிசகினால் முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு வீட்டைச் சுற்றி என்ன மாறியது என்று பாருங்கள், பயிற்சி கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றினால், சலப்பையில் கிருமி உள்ள குட்டியை நாலு கிழமை ஏசிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு நாள் முழுக்கக் குட்டியின் சலத்தைக் கவனியுங்கள். அடிக்கடி குந்துகிறது, ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, முக்குகிறது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது, சலத்தில் இரத்தம் தெரிகிறது என்றால் சலப்பைத் தொற்று என்று சந்தேகிக்கலாம். பெண் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். இதற்குக் கைமருந்து இல்லை, மிருக வைத்தியர்தான் மருந்து எழுத வேண்டும். போகும்போது சலம் கொண்டு போனால் நல்லது. கொதிநீரில் அலசிய தட்டையான கரண்டியை, காலையில் குட்டி குந்தி முதல் துளிகள் போனபின் பின்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். சுத்தமான சிறு போத்தலில் ஊற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் பிரிஜ்ஜில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

சொட்டாக இல்லாமல் குளம் கட்டுகிற மாதிரி விட்டால் குடிக்கிற தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, அடுத்த நாள் காலையில் மிச்சத்தைக் கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 - 60 மில்லிலீற்றர் வழமை. கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் கொஞ்சம் கூடும். 100 மில்லிலீற்றரைத் தாண்டினால், அதாவது 5 கிலோக் குட்டி நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் குடித்தால், வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் அதற்கு முன் கோப்பையைப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோறு, உப்பு ஏறிய மிச்சக் கறி என்றால் குட்டி தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும், குடித்தது வெளியே வரத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் பாதிக் குட்டிகளுக்கு நோய் இந்தக் கோப்பையில்தான் என்பது என் அபிப்பிராயம். உப்பு, உறைப்பு, வெங்காயம் இல்லாமல் சோற்றோடு அவித்த மீன் சதை, முள் நீக்கி, மூன்று வேளை. வைத்துக் கால் மணித்தியாலத்தில் சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கோப்பை கிடந்தால் எப்போது வெளியே கொண்டு போவது என்று உங்களுக்கே தெரியாது. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

உறங்கும்போது சாக்கு நனைகிறதா? அது பயிற்சிக் குறை அல்ல, குட்டிக்கே தெரியாமல் கசிகிறது. பிறந்ததிலிருந்து அப்படியென்றால் பிறவிக் குறையாகவும் இருக்கலாம்.

அடுத்தது உண்ணியும் பூச்சியும். வன்னியில் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கடந்து போக முடியாது. காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த குட்டி முதலில் காட்டுவது நடத்தை மாற்றத்தைத்தான்: விளையாடாது, ஒதுங்கிக் கிடக்கும், தொட்டால் உறுமும், எழும்பி வெளியே போகச் சோம்பி கிடந்த இடத்திலேயே விடும். உதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். முரசு முழுக்க வெளுத்திருந்தாலோ, சலம் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் தேங்காயெண்ணெய் தடவிக் குதத்தில் வையுங்கள். நாய்க்கு 38 முதல் 39.2 பாகை வரை வழமை. 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல். மனிதருக்குக் கொடுக்கிற பரசிற்றமோல் குளிசை நாய்க்கு நஞ்சு, பாதி உடைத்தும் கொடுக்க வேண்டாம். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குட்டிக்குப் பூசுவதும் அதே வகை வேலை. உண்ணியைக் குட்டியில் மட்டும் தேடிப் பயனில்லை. சுவர் வெடிப்பு, கிடுகு இடுக்கு, படுக்கிற சாக்கு எல்லாவற்றிலும் ஏறி இருக்கும். சாக்கைக் கொதிநீரில் போட்டுக் கிழமைக்கொருமுறை வெயிலில் காய விடுங்கள்.

பூச்சிக் குளிசை 3 மாதம் வரை இரண்டு கிழமைக்கொருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதமொருமுறை என்பதே பொதுவான ஒழுங்கு. எடை தெரியாமல் கொடுக்காதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் சரி. பல குளிசைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு, ஆனாலும் உறையைப் படியுங்கள். கொக்கிப் புழு ஈர மணலிலிருந்து பாதத் தோலுக்குள்ளாலும் ஏறும். கறுத்து ஒட்டுகிற மலம், வெளுத்த முரசு இரண்டும் சேர்ந்தால் அதை நினையுங்கள். வாந்தியோடு இரத்தக் கழிச்சல் என்றால் அது வேறு, பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற நோய் அல்ல.

வயல் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பூச்சிநாசினி அடித்த வயலிலோ தாங்கி கழுவிய தண்ணீரிலோ குட்டி இறங்கியிருந்தால், அடக்க முடியாமல் சலமும் மலமும் போவது நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம். கூடவே வாயில் நுரையும் வீணியும் வடியும், கண் கலங்கும், கண்மணி சிறுக்கும், உடம்பு நடுங்கும். கையில் பையைக் கட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச் சீட்டோடு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

கடிப்பதைப் பற்றி. நாலு மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும், 6 - 7 மாதம் வரை இது போகும். செருப்பு, கை, கதிரைக் கால் எல்லாம் வாய்க்குள் போவது இதனால்தான். முடிச்சுப் போட்ட ஈரத் துணியைப் பிரிஜ்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் முரசு ஆறும். துணியில் கொஞ்சம் இரத்தம் பட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் குரைக்கிற குரல் மாறுவது, வீணி வடிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, காரணமில்லாமல் பாய்ந்து கடிப்பது, பின்னங்கால் இழுபடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் விசர் நோயை நினைக்க வேண்டும். குட்டிகளுக்கும் அது வரும். தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடுவதுதான் இதில் ஆகப் பெரிய ஆபத்து. குட்டியைத் தொடாமல் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குப் போங்கள், சிகிச்சை இலவசம். குட்டிக்குத் தடுப்பூசி போடாவிட்டால், எப்போது எங்கே போடுகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

உடம்பில் குறையில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பட்டது "பின் வளவுப் பக்கம் போக மாட்டேன் என்கிறது" என்ற வரிதான். இரவில் யானையை விரட்ட வெடி கொளுத்துகிற ஊர் உங்களுடையது. குட்டி குந்தியிருக்கிற நேரத்தில் ஒரு வெடி விழுந்தால் போதும், அந்த இடமே அதற்குக் கூடாத இடமாகிவிடும். பட்டாசு, இடி, பக்கத்து வளவு நாய் பாய்ந்தது, பாம்பு சீறியது எதுவும் காரணமாகலாம். பயந்த குட்டி வீட்டுக்குள் பாதுகாப்பான மூலையில்தான் விடும். அதனால் இழுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போகாதீர்கள். படலைப் பக்கம் ஒரு புது இடம் பிடியுங்கள். பழைய இடத்து மண் இரண்டு கை அள்ளி அங்கே போடுங்கள், மணம் இடத்தைச் சொல்லிக் கொடுக்கும். பொழுதுபடுவதற்கு முன்பே, வெடி தொடங்காத நேரத்தில், கயிற்றில் கட்டிக் கொண்டு போங்கள். வெடிச் சத்தம் கேட்டால் உடனே அவித்த கோழி ஈரல் சிறு துண்டு கொடுங்கள். பயந்த குட்டியைத் தடவினால் பயம் கூடும் என்று சொல்வார்கள், அது பிழை. மடியில் வைத்திருக்கலாம். பின் வளவுக்கு ஒரு கிழமை கழித்துப் பகலில், சாப்பாட்டுக் கோப்பையை நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளி வைத்துக் கொண்டு போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாரி மழையும் இதே வேலையைச் செய்யும். ஈர மண்ணில் கால் வைக்க விரும்பாத குட்டி பாயைத் தேடும். நாலு கம்பு நட்டு மேலே படங்கோ கிடுகோ போட்டு, கீழே நாலு அங்குல உயரத்துக்கு மணல் கொட்டி, சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். கழிவைத் தினமும் அள்ளுங்கள், மணலைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நீங்கள் வேலையால் வந்து மேலே குனிந்து கூப்பிடும்போது மட்டும் குட்டி பதுங்கிச் சலம் விடுகிறதென்றால் அது பணிவு, பழக்கக் குறை இல்லை. வந்தவுடன் பார்க்காமல் வளவுக்கு நடந்து, அங்கே பக்கவாட்டாகக் குந்திக்கொண்டு தடவுங்கள். ஏசினால் கூடும். கட்டிலுக்குக் கீழே ஒளிப்பதற்கும் யாரோ ஏசினதோ அடித்ததோ காரணமாக இருக்கலாம். செய்து சில செக்கன் தாண்டிய பிறகு கொடுக்கிற தண்டனையைக் குட்டி சலத்தோடு சேர்த்துப் பார்க்காது, உங்களோடுதான் சேர்த்துப் பார்க்கும். பிறகு நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து விடப் பழகும்.

விட்ட இடத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. சீமெந்துத் தரை சலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நெடி அடிக்கிற தரை மருந்து எங்கள் மூக்குக்கு மறைக்குமே தவிர குட்டியின் மூக்குக்கு மறைக்காது, நக்கினால் கேடும் வரும். அமோனியா கலந்ததென்றால் சலத்தின் மணத்தையே திரும்பக் கொடுக்கும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஊற்றி 15 நிமிடம் விட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் அப்பச்சோடா தூவி, அடுத்த நாள் கூட்டி எடுங்கள். வினாகிரியை ஒருபோதும் பிளீச்சோடு கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும். பாயையும் கால்மிதியையும் அலசி வெயிலில் போட்டு, இரண்டு கிழமைக்குத் தரையில் விரிக்காமல் சுருட்டி வையுங்கள்.

பிறகுதான் பயிற்சி. நாலு மாதக் குட்டி அடக்கக்கூடிய ஆகக் கூடிய நேரம் சுமார் 5 மணித்தியாலம், அதுவும் உறக்கத்தில். விழித்திருக்கும்போது 2 மணித்தியாலத்துக்கொருமுறை, எழும்பியவுடன், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள், விளையாடி முடிந்தவுடன் என்று கொண்டு போங்கள். இரவில் ஒருமுறை. ஒரே இடம், ஒரே சொல். விட்டு முடிந்த 2 செக்கனுக்குள் அங்கேயே வைத்து ஒரு துண்டு ஈரல், வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று தெரியாது. முடிந்த கையோடு உள்ளே தூக்கி வந்துவிடுவதும் பலர் விடுகிற பிழை. விட்டால் விளையாட்டு முடிகிறது என்று விளங்கி, குட்டி அடக்கிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடமாவது கூட நில்லுங்கள். வீட்டுக்குள் இருக்கும் நேரம் குட்டியைக் கட்டின ஆறடிக் கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மணந்து சுற்றத் தொடங்கினால் தூக்குங்கள். பகல் முழுக்கத் தூணில் கட்டிப் போடாதீர்கள். படுத்த இடத்திலேயே விட்டுப் பழகினால் அருவருப்புப் போய்விடும், திரும்பக் கொண்டுவருவது கடினம்.

தொடர்ந்து 14 நாள் பிசகில்லாமல் போனால் கூடுதலாக ஒரு அறையைக் குட்டிக்குத் திறந்துவிடுங்கள். இன்னொரு கிழமைக்குப் பிறகு அடுத்தது. இடையில் பிசகினால் ஒரு அறை பின்னுக்கு. 6 மாதம் தாண்டிய பிறகு திரும்பவும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினால் பின்பக்கம் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், முதல் பருவம் வருகிற நேரமாக இருக்கலாம். அது குட்டி போட வேண்டாமென்றால் கருத்தடைக்கு அதற்கு முன்பே உங்கள் பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.